பாதி முட்டையும் ஒரு பெரிய சொல்லும்

அகராதி அலுவலகம், பிராட் லேன்
புதன், 11 ஜனவரி 1928

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டியது. ஈனிட் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு ஆரம்பித்தால், கேட்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றிப் பேனா நின்றுவிடுகிறது.

விஷயம் இதுதான். 'எம்' எழுத்தில் 'மொமென்டஸ்' என்ற சொல்லுக்கு வந்திருக்கிறோம். பின்னால் வரப்போவதையெல்லாம் மாற்றிப் போடும் அளவுக்கு முக்கியமானது என்று பொருள் எழுதிவிட்டோம். அதில் தகராறு இல்லை. எங்கே பயன்படுத்தலாம் என்பதில்தான் எனக்கும் தலைமை ஆசிரியருக்கும் மூன்று மாதமாகச் சண்டை. அந்தச் சொல் வரும் வரிகளை நகலெடுத்து வாசகர்கள் அனுப்பிய சீட்டுகள் எல்லாமே போர், உடன்படிக்கை, முடிசூட்டு, நாடாளுமன்றத் தீர்மானம். டாக்டர் டக்வெல் சொல்கிறார்: "இது பெரிய விஷயத்துக்கான வார்த்தை, மிஸ் பில்பீம். இதைச் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களுக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறவர்கள் யார்? ஓய்வுபெற்ற பாதிரிமார்கள். அவர்கள் படிப்பது வரலாறும் பிரசங்கமும். வீட்டில் ஜனங்கள் கடிதத்தில் எழுதுவதை யார் சீட்டெடுத்தார்கள்? இதைச் சொன்னேன். "வீட்டுல அப்படி எழுதறாங்கன்னா ஒரு சீட்டு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். ஆதாரச் சீட்டு இல்லாமல் இங்கே ஒரு பொருளும் அச்சேறாது. உனக்குத் தெரிந்ததுதான்.

போன மார்ச் மாதம் நீ எழுதிய கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதிலிருந்து ஒரு வரியைச் சீட்டில் நகலெடுத்தேன். 'ஏ. பில்பீம், தனிக் கடிதம், 1927. இன்று மொமென்டஸ் நாள். ஈனிட் பாதி முட்டை சாப்பிட்டாள்.'

டாக்டர் டக்வெல் அதை இரண்டு முறை படித்தார். "யார் இந்த ஈனிட்?" என்றார். தம்பி மனைவி என்றேன். "இப்போ நல்லாச் சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆம்ப்ரோஸ். சேர்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது. வேண்டாம் என்றால் தந்தி கொடு, எடுத்துவிடுகிறேன். இரண்டு நாளாக நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.

ஹெஸ்டர்


மருந்துக் கடை, ஹார்பர் தெரு, ஸ்கார்விக்
வெள்ளி, 13 ஜனவரி 1928

துணையாசிரியர் மிஸ் ஹெஸ்டர் பில்பீம் அவர்களுக்கு,

உன் கடிதம் இன்று காலை எட்டு மணிக்குத்தான் வந்தது. திங்கட்கிழமை மனசில் இருந்த விஷயத்தைப் புதன்கிழமை தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைதான் வரும் என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறாய்.

தபால் ஆபீஸ் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். "முட்டையை எடுத்துவிடு. ஆம்ப்ரோஸ்." இதுதான் தந்தி. வேறு எப்படி எழுதுவது? தந்திக்கார ஸ்வேல்ஸ் அதை வாய்விட்டுப் படித்தான். "என்ன மிஸ்டர் பில்பீம், கோழிப்பண்ணை போடறீங்களா?" பத்து மணிக்குள் கடைக்கு வந்த மூன்று பேர் என்னிடம் கோழி விலை விசாரித்துவிட்டார்கள். சிரிப்பாய். சிரி.

இப்போது தந்தியில் அடங்காததைச் சொல்கிறேன். எங்கள் குழந்தை நெல் இறந்துபோனது இந்த ஊருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஈனிட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது ஊருக்குத் தெரியாது. மார்பில் சளி, வெளியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மருந்துக்காரன் சொன்னால் நம்புகிறார்கள். நெல் போன ஆறாவது மாதம், ஒரு காலை, அவள் தட்டில் பாதி முட்டை இல்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து உனக்கு எழுதினேன். உனக்குத்தான் எழுதினேன், அக்கா. இங்கிலாந்துக்கு எழுதவில்லை.

நீ அந்த வரியில் என் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, அவள் தட்டைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லைப் பார்த்தாய். நெல்லை அடக்கம் செய்த மறுநாள், 'எம்' முடிந்ததும் வருகிறேன் என்று ரயிலேறினாய். ஒரு எழுத்து முடிய எத்தனை வருஷம் ஆகும்?

தந்தி உனக்கு நேரத்துக்குக் கிடைத்திருக்கும். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஆம்ப்ரோஸ்


பிராட் லேன்
சனி, 14 ஜனவரி 1928

ஆம்ப்ரோஸ்,

தந்தி இரண்டு மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. பக்கம் அதற்குள் போய்விட்டது. அச்சுக்கூடத்துக்கு ஓடினேன், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னை மன்னித்துவிடு.

ஸ்கார்விக்கில் யார் அகராதி வாங்கப் போகிறார்கள்? நாற்பது பக்கம் தாண்டி, பொடி எழுத்தில், ஒரு பத்தியின் அடியில் இருக்கிறது. யார் கண்ணிலும் படாது.

ஹெஸ்டர்


பிராட் லேன்
திங்கள், 27 பிப்ரவரி 1928

ஆம்ப்ரோஸ்,

இது நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் என் கையில் இருக்கிற சீட்டைச் சீட்டு அலமாரியின் தப்பான அறையில் போடுகிறேன். சனிக்கிழமை 'மொனாஸ்டிக்' சீட்டுகள் எல்லாம் 'மன்டே'யில் கிடந்தன. பக்கத்து மேஜை மிஸ் ஓல்ட்ராய்ட் கேட்கிறாள்: "உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரு நிமிஷம் உக்கார மாட்டீங்களா?"

அகராதியின் இந்தப் பகுதி வியாழக்கிழமை வெளிவருகிறது. சந்தாதாரர் பட்டியலைச் சனிக்கிழமைதான் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். ஸ்கார்விக் வாசகசாலையின் பெயர் அதில் இருக்கிறது. எப்படியாவது பார்த்துக்கொள்.

ஈனிட் எப்படி இருக்கிறாள்? அதையாவது எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா


ஸ்கார்விக்
வியாழன், 8 மார்ச் 1928

அக்கா,

உன் பொடி எழுத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாயே. இந்த ஊரில் பில்பீம் என்ற பெயர் ஒருவனுக்குத்தான் உண்டு. வாசகசாலை மிஸ் கிராப்பருக்குப் புதுப் புத்தகம் வந்தால், வெட்டாமல் ஒட்டியிருக்கிற தாள்களைப் பக்கம் பக்கமாகக் கத்தி வைத்துப் பிரிப்பதுதான் உலகத்திலேயே பிடித்த வேலை. சனிக்கிழமை நான் போனபோது அவள் 'மொமென்டஸ்' வரைக்கும் பிரித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "மிஸ்டர் பில்பீம், உங்க பேரு அச்சுல வந்திருக்கு" என்றாள். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னாள். அடுத்த வரியைப் படித்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

இரண்டு நாள் இரவல் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன். திருப்பித் தருவதாக இல்லை. வீட்டில் ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன், ஈனிட்டின் கை அங்கே போகாது. நான் ஒரு வாசகசாலைத் திருடன். உன்னால்.

ஈனிட்டைப் பற்றிக் கேட்டாய். தேநீர், ரொட்டியின் ஓரம், எப்போதாவது கொஞ்சம் கஞ்சி. சண்டை போட்டால் பரவாயில்லை, போட மாட்டாள். எதைச் சொன்னாலும் "சரி" என்பாள். டாக்டர் ஹெப்பிள் போன வாரம் கடைக்கு வந்து, நான் மருந்து நிறுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "ஈஸ்டருக்குள்ள எடை கூடலேன்னா யார்க்குக்கு அனுப்பிடணும், பில்பீம். அங்க ஒரு இடம் இருக்கு. பூட்டித்தான் வைப்பாங்க, ஆனா சாப்பிட வைப்பாங்க." குழாய் வைத்து ஊட்டுவார்கள், அக்கா. எனக்குத் தெரியும், அந்தக் குழாயை என் கடையிலேயே விற்கிறேன்.

ஈஸ்டர் ஏப்ரல் எட்டு. அந்தப் பாதி முட்டையை நினைத்துத்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். ஒரு நாள் முடிந்தது என்றால் இன்னொரு நாளும் முடியும் என்று. அதைத்தான் நீ எடுத்து அச்சில் போட்டாய்.

ஆம்ப்ரோஸ்


பிராட் லேன்
சனி, 10 மார்ச் 1928

ஆம்ப்ரோஸ்,

யார்க் என்ற சொல்லைப் படித்ததிலிருந்து அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறாள்.

நான் ஒரு பொய் சொன்னேன். உன் தந்தி இரண்டு மணிக்கு வரவில்லை. ஒன்பதரைக்கே வந்துவிட்டது. படித்தேன். மடித்து ஸ்வெட்டர் பையில் போட்டேன். இதோ எழுந்து போய்ச் சொல்கிறேன், இந்த ஒரு சீட்டை அடுக்கிவிட்டுச் சொல்கிறேன் என்று பன்னிரண்டு அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பையில் கையை விட்டு அந்தக் காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு அடித்தது. அச்சுக்கூடத்துக்கு ஓடவும் இல்லை. அதுவும் பொய்.

ஏன் என்று கேட்பாய். டக்வெல்லை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. இந்த அலுவலகத்தில் பதினொரு வருஷமாக ராஜாக்களின் நாட்களையும் தளபதிகளின் நாட்களையும் சீட்டெடுத்திருக்கிறேன். அதில் எதைப் படித்தும் என் கண் கலங்கவில்லை. உன் வரிக்குக் கலங்கியது. அது அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஈனிட்டைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் வரட்டுமா? சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், வாயைத் திறக்காமல் மூலையில் இருக்கிறேன். 'எம்' அப்படியே கிடக்கட்டும்.

ஹெஸ்டர்


ஸ்கார்விக்
திங்கள், 12 மார்ச் 1928

வராதே.

ஆ.


ஸ்கார்விக்
வியாழன், 29 மார்ச் 1928

அக்கா,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நேற்றுப் பகல் நல்ல மழை. மிஸ் கிராப்பர் மூன்று முறை கடைக்கு ஆள் அனுப்பியும் புத்தகம் வரவில்லை என்று நேராக வீட்டுக்கே போய்விட்டாள். கதவைத் திறந்தவள் ஈனிட். "பச்சை அட்டை போட்ட புஸ்தகம்மா, அகராதி. மிஸ்டர் பில்பீம் வாங்கிட்டு வந்தாரு" என்றிருக்கிறாள் மிஸ் கிராப்பர். "இருங்க, பார்க்கறேன்" என்று ஈனிட் மாடிக்குப் போயிருக்கிறாள்.

நான் அதை நெல்லின் அலமாரியில் வைத்திருந்தேன். கீழ்த் தட்டில், கம்பளிச் சட்டைகளுக்கு அடியில். ஒன்றரை வருஷமாக அந்த அலமாரியை நாங்கள் இருவருமே திறந்ததில்லை. அதனால்தான் அங்கே வைத்தேன். ஈனிட் வேறு எங்கேயும் தேடவில்லை. நேராக அங்கே போய்த் திறந்திருக்கிறாள். பிறகு கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "நான் பார்க்கக் கூடாததை வேற எங்க வைப்பே நீ?" என்றாள்.

அந்தப் பக்கத்தில் நான் அடையாளச் சீட்டு வேறு வைத்திருந்தேன், மடையன். படித்துவிட்டாள்.

கடையில் திருமதி ஸ்டோருக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கை வெடிப்புக்குக் களிம்பு வாங்க ஒரு மீன்பிடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கதவு மணி அடித்தது. என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பி இல்லாமல், தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈனிட் நிற்கிறாள். கக்கத்தில் புத்தகம். பின்னால் மிஸ் கிராப்பர் மூச்சு வாங்க ஓடி வருகிறாள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க மிஸ்டர் பில்பீம், புஸ்தகம் எங்கேன்னு மட்டும்தான் கேட்டேன்!"

ஈனிட் புத்தகத்தைக் கல்லா மேஜையில் போட்டாள். "இது பொய், ஆம்ப்ரோஸ்" என்றாள்.

"எது?"

"இந்தப் பாதி முட்டை. நான் சாப்பிடவே இல்ல. நீ தண்ணி எடுக்கப் போனே, அந்த நேரத்துல மேஜருக்குப் போட்டுட்டேன்."

மேஜர் எங்கள் பூனை.

திருமதி ஸ்டோரிடம் மருந்தை நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீங்க பேசுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா, அந்த ஒரு காலையை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன்! பூனை தின்ற முட்டை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? தட்டைப் பார்த்துட்டுப் படியில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, சொல்லு!"

பிறகு உன் பக்கம் திரும்பினாள். அதாவது புத்தகத்தின் பக்கம். விரலை அந்த வரியில் வைத்துக் குத்திக் குத்திக் காட்டினாள். "மேல யாரோ ராஜாவுக்குப் பட்டம் கட்டறாங்க. அதுக்குக் கீழ ஏதோ சண்டை முடியுது. அதுக்கும் கீழ நான்! உங்க அக்காவுக்கு யார் குடுத்த உரிமை இது? என் தட்டு அவளுக்கு என்ன வேடிக்கையா? போடறதே போட்டா, உண்மையையாவது போட்டிருக்கக் கூடாதா?" கத்தினாள், அக்கா. தெரு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். கன்னம் சிவந்திருந்தது. ஒன்றரை வருஷமாக "சரி" தவிர எதுவும் சொல்லாதவள்.

எனக்கு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. மீன்பிடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வரச் சொல்லு அவளை. என் முகத்தைப் பார்த்து ஏன் போட்டேன்னு சொல்லட்டும்" என்றாள்.

வா என்று நான் கூப்பிடவில்லை. நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. அவள் கூப்பிடுகிறாள்.

ஆம்ப்ரோஸ்


பிராட் லேன்
சனி, 31 மார்ச் 1928

ஆம்ப்ரோஸ்,

ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் பகல் ரயிலில் வருகிறேன். மூன்றே காலுக்கு ஸ்கார்விக். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நடந்து வருகிறேன். வழியில் என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் வேண்டும்.

டாக்டர் டக்வெல்லிடம் போய், அந்த மேற்கோள் பொய், முட்டையைப் பூனை தின்றுவிட்டது என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முட்டையை யார் தின்னாங்கன்னு அகராதி கேக்கறதில்ல, மிஸ் பில்பீம். உங்க தம்பி அதை நம்பி எழுதினாரா?" நம்பித்தான் எழுதினான் என்றேன். "அப்போ வார்த்தை சரியாத்தான் இருக்கு. பின்னாடி ஏதாவது நடந்ததா இல்லையாங்கறது அவர் கவலை." நான் போகத் திரும்பியபோது, "லீவு எத்தனை நாள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி. 'எம்' எங்கேயும் ஓடிடாது" என்றார்.

அகராதி கேட்காததை ஈனிட் கேட்கிறாள். அவளிடம் அந்தத் தந்தியைப் பற்றியும் நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது, ஆம்ப்ரோஸ். பெட்டியைக் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன், மறுபடி கட்டுகிறேன்.

ஹெஸ்டர்


ஸ்கார்விக்
சனி, 21 ஏப்ரல் 1928

அக்கா,

உன் குடையை இங்கேயே விட்டுவிட்டாய். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவரும் அன்று மூன்று மணி நேரம் என்ன பேசினீர்கள் என்று இன்று வரை எனக்குச் சொல்லவில்லை. நீ தந்தி விஷயத்தைச் சொன்னபோது ஈனிட் கையில் இருந்த கிண்ணம் விழுந்து உடைந்தது, அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நீ ரயிலேறிய பிறகு, "திமிர் பிடிச்சவ. ஆனா பொய்யை வச்சுக்கிட்டு உக்கார முடியாதவ" என்றாள். அவள் வாயிலிருந்து உனக்குக் கிடைத்த சான்றிதழ் அவ்வளவுதான். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அலமாரியை மறுபடி மூடவில்லை. கம்பளிச் சட்டைகளைத் துவைத்து முற்றத்தில் காயப் போட்டாள். நான் கொடியைப் பார்க்க முடியாமல் கடைக்குள் போய்விட்டேன், பிறகு திரும்பி வந்து பார்த்தேன்.

டாக்டர் ஹெப்பிள் என் கடைத் தராசிலேயே அவளை ஏற்றி நிறுத்தினார். இரண்டு பவுண்டு கூடியிருக்கிறது. குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஜூன் வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் பழையபடி தட்டு அப்படியே திரும்புகிறது. ஆனால் அப்போது, "இன்னைக்கு முடியல" என்று என்னிடம் சொல்கிறாள். பூனைக்குப் போடுவதில்லை.

உன் முறைப்படி ஒரு சீட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் சொல் எங்கேயும் இல்லை, அதனால் எந்த அறையிலும் அடுக்க முடியாது. உன் இழுப்பறையில் இருக்கட்டும். அச்சில் போட்டால் கொன்றுவிடுவேன்.

'1928, ஏப்ரல் 20, காலை. ஈனிட் பில்பீம், சமையலறையில் சொன்னது: "முட்டை முழுசும் நான்தான் சாப்பிட்டேன். பூனை வெளியிலதான் இருக்கு, சந்தேகம்னா போய்ப் பாரு. இதைப் பெருசா எழுதி யாருக்கும் அனுப்பாதே."'

நான் போய்ப் பார்த்தேன், அக்கா. மேஜர் மழையில் நனைந்துகொண்டு, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

தம்பி